இணையம், சேலம், ஏற்காடு: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2000-இல் பிரௌசிங் சென்டராகத் தொடங்கியது. இப்போது ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், அதோடு ஃபைபர் இணைப்பு. ஊருக்குள் நூற்றுச் சொச்சம் வீடுகள், அடிவாரத்தில் கொஞ்சம், ஏற்காட்டில் கொஞ்சம் என்று லைன் ஓடுகிறது. வருகிறவர்கள் பில் கட்டிவிட்டுச் சும்மா போக மாட்டார்கள், ஏதாவது கேட்பார்கள். "இதையெல்லாம் எழுதி வைப்பா, தினமும் தொண்டை வறள வேண்டாம்" என்று மகள் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இன்டர்நெட் நம்ம ஊருக்கு எப்பங்க வந்துச்சு?

நாட்டுக்கு வந்த தேதியைச் சரியாகச் சொல்லலாம்: 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் என்ற மத்திய அரசு நிறுவனம் அன்றுதான் பொதுமக்களுக்கு இணைப்பைத் திறந்தது. அதற்கு முன்பே, 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐஐடி மாதிரியான கல்வி நிலையங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆனால் அது பேராசிரியர்களின் உலகம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விஎஸ்என்எல் கடை விரித்ததும் பெருநகரங்களில்தான். மற்ற ஊர்க்காரர்கள் எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு, போட்டு அங்கே பேச வேண்டும். பேசுவது நாமில்லை, கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் என்ற பெட்டி. மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் மின்னஞ்சலைவிடத் தபால் அட்டை மேல் என்று தோன்றும். 1998 நவம்பரில் தனியாருக்கும் உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். உள்ளூர்க் கட்டணத்தில் கூப்பிடக்கூடிய, 172 என்று ஆரம்பிக்கிற எண்களும் வந்தன. அதற்கப்புறம்தான் சேலம் மாதிரி ஊரில் ஒரு சாதாரண ஆள் இதை நம்பிக் கடை போட முடிந்தது. நான் போட்டேன். நாலு கம்ப்யூட்டர், ஒரே போன் லைன்.

பிரௌசிங் சென்டர் காலத்தில் எப்படி இருக்கும்?

இப்போது இருபது வயதுள்ள பிள்ளைகள்தான் இதைக் கேட்கிறார்கள், ஏதோ மாட்டுவண்டிக் காலம் போல.

மோடம் முதலில் கீச்சென்று கத்தும், பிறகு கரகரக்கும், பிறகு அமைதியாகும். அந்த அமைதி வந்தால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியில் வேகம் 56 கேபிபிஎஸ் என்று எழுதியிருக்கும், நமக்குக் கிடைப்பது அதில் பாதி. அதையும் நாலு கம்ப்யூட்டருக்குப் பங்கு வைக்க வேண்டும். ஒரு படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குகிற மாதிரி வரும். கடைக்கு யாராவது போன் செய்தால் எங்கேஜ்டாக இருக்கும். என் மாமனார் மூன்று நாள் முயற்சி செய்துவிட்டு, நேரிலேயே வந்து திட்டிவிட்டுப் போனார்.

மறக்க முடியாதது பிளஸ் டூ ரிசல்ட் நாள். காலையில் கடை திறக்கும்முன் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். பையன்கள் மட்டுமில்லை, அப்பா அம்மாவோடு, சிலர் தாத்தாவோடு. பதிவு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் தட்டுவேன். பக்கம் பாதி வந்து நிற்கும். பின்னால் நிற்கிற கூட்டம் மூச்சுவிடாது. ஒரு வருஷம் கன்னங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நாலு தடவை பக்கம் வராமலே அறுந்துபோனது. ஐந்தாவது தடவை வந்தது. கணக்கில் இருநூற்றுக்கு 187. அந்தப் பெண்ணின் அப்பா மார்க் ஷீட் பிரிண்டை இரண்டாக மடிக்காமல், சட்டைப் பைக்குள் வைக்க மனமில்லாமல், கையிலேயே ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார். பிரிண்டுக்குக் காசு வாங்கினேனா என்பது நினைவில்லை.

பிரௌசிங் சென்டர் ஏன் திடீரென்று காலியானது?

திடீரென்று இல்லை, மூன்று அடியில் விழுந்தது.

2004-இல் மத்திய அரசு அகலக்கற்றைக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தது. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால் அதை பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என்றார்கள். (இன்றைக்கு அந்த வேகத்தில் ஒரு ஸ்டிக்கர்கூடப் போகாது. 2013-இல் 512 கேபிபிஎஸ் ஆக்கினார்கள், 2023-இல்தான் 2 எம்பிபிஎஸ் என்று மாற்றினார்கள்.) 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. பழைய தாமிரப் போன் கம்பியிலேயே, போன் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம். அதில் 500 ரூபாய் பிளான் ஒன்று இருந்தது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம். அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து படம் டவுன்லோடு போட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிய தலைமுறை ஒன்று சேலத்தில் இருக்கிறது. இப்போது எல்லோரும் குடும்பஸ்தர்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது அடி, 2010-க்குப் பிறகு வந்த 3ஜி. மூன்றாவது, 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ. அது வந்தபின் விலை விழுந்த வேகத்தை நான் எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை. அரசுக் கணக்குப்படி 2014-இல் ஒரு ஜிபிக்குச் சராசரியாக 269 ரூபாய், 2023-இல் சுமார் 9 ரூபாய். ஒரு டீயைவிடக் குறைவு. ஜியோ வந்த வருஷமே நான் இரண்டு கேபின்களைப் பிரித்து ஜெராக்ஸ் மெஷின் போட்டேன்.

இந்தியாவில் எத்தனை பேரிடம் நெட் இருக்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கில் 2024 மார்ச்சில் 95 கோடிச் சொச்சம் இணைப்புகள். பத்து வருஷத்துக்கு முன், 2014 மார்ச்சில் இது 25 கோடி. பெரிய வளர்ச்சிதான், மறுக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

இணைப்பு வேறு, ஆள் வேறு. என்னிடமே இரண்டு சிம் இருக்கிறது, கடைக்கு ஒன்று, வீட்டு ஃபைபர் ஒன்று. கணக்கில் நான் நாலு பேர். இன்னொன்று, இந்த 95 கோடியில் கம்பி வழியாக வருவது 4 கோடி மட்டுமே. மீதி அத்தனையும் செல்போன். அதாவது நம் நாட்டுக்காரருக்கு இன்டர்நெட் என்றால் ஆறு அங்குலத் திரை. படிவம் நிரப்புவதும் அதில், பிள்ளை படிப்பதும் அதில். ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது அதன் லட்சணம் தெரிந்தது. ஒரே போன், மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் காலை 10 மணிக்கு வகுப்பு.

வீட்டில் ஒரு போன் இருந்தால் போதாதா?

யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒரு தடவையாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆண்களில் 57 சதவீதம் ஆம் என்றார்கள், பெண்களில் 33 சதவீதம். என் கடையில் அதை நான் தினமும் பார்க்கிறேன். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு அக்கா வருவார். ஓடிபி வருகிற போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். அவன் ஷிப்ட் முடிந்து எடுக்கும்வரை அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஓடிபியின் ஆயுள் சில நிமிஷம். மூன்று தடவை அனுப்புவோம். இதற்கு எந்த டவரும் மருந்தில்லை.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதுக்குங்க, சோறு போடுமா?

சேலத்தில் குகை என்கிற பகுதியிலிருந்து ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒவ்வொரு தடவையும் இதையே கேட்பார். அவருக்காகவே மூன்று கதை வைத்திருக்கிறேன்.

முதலாவது, கேரளம். 1997 முதல் 2001 வரை அங்கே வட கடற்கரையில் செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. படகுக்காரர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் மத்தி மீனுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு அங்கே போனார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார். முன்பு ஒரு கரையில் மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீனே இருக்காது. போன் வந்தபின் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இருவருக்கும் லாபம். வியாபாரத்தில் இது அபூர்வம்.

இரண்டாவது, புதுச்சேரி வீராம்பட்டினம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அந்தப் பகுதி கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரில் ஒரே கம்ப்யூட்டர், ஆனால் ஊருக்கே காது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆளுக்கொரு கருவி இருந்தால்தான் பயன் என்பதில்லை, நடுவில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

மூன்றாவது நம்ம செவ்வாய்ப்பேட்டை. கொலுசு வேலை செய்கிறவர் முன்பு டிசைன் பார்க்க வேண்டுமானால் வியாபாரி கொண்டுவரும் மாதிரியைத்தான் பார்க்க வேண்டும். இப்போது ராஜஸ்தான்காரர் போட்டோ அனுப்புகிறார், இவர் இங்கே பட்டறையில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கி, கண்ணி எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்க்கிறார். காலையில் வெள்ளி விலை போனில் தெரிகிறது. சரி, கூலி கூடியதா? அங்கேதான் பெரியவர் என்னை மடக்குவார். விலை தெரிவது ஒன்று, பேரம் பேசும் பலம் வேறொன்று. வெள்ளி வியாபாரியுடையது, உழைப்பு மட்டும் இவருடையது என்றால், விலை தெரிந்து என்ன செய்வது? இந்த இடத்தில் பெரியவர் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். மீனவருக்குப் படகு சொந்தம், அதனால் திருப்பினார்.

சேலத்திலேயே ஐடி வேலை கிடைக்குமா, பெங்களூருதான் போகணுமா?

கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற வேலையாக இருக்காது. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனம் 160 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து ஐடி பூங்கா அமைத்தது. 2024 செப்டம்பரில் கருப்பூர்ப் பக்கம் ஐடி கம்பெனிகளுக்கான மினி டைடல் பூங்கா திறந்தார்கள், சுமார் 55,000 சதுர அடி. கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகமும் அங்கேதான். ஆள் பஞ்சமில்லை.

சேலத்தில் நிறையப் பேருக்குச் சம்பளம் கொடுப்பது மென்பொருள் எழுதும் வேலையைவிட மருத்துவக் கோடிங், பில்லிங் மாதிரியான வேலைகள்தான். அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் கால் உடைந்தால், எந்த எலும்பு, எந்தப் பக்கம், முதல் தடவை வந்தாரா மறுபடி வந்தாரா என்பது வரை ஒரு குறியீடாக மாற்றினால்தான் காப்பீட்டுப் பணம் வரும். 2015 அக்டோபரில் அவர்கள் ஐசிடி-10 என்ற விரிவான குறியீட்டுக்கு மாறினார்கள், வேலை இன்னும் கூடியது. எங்கள் தெருவில் பயோகெமிஸ்ட்ரி படித்த இரண்டு பெண்கள் இதைச் செய்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து இதைத் தின்றுவிடுமோ என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற பகுதியைத் தின்னும் என்றே தோன்றுகிறது. படிப்பை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பழைய தமிழ் ஃபைலைத் திறந்தால் கிறுக்கலாக வருகிறதே?

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பெரும்பாலும் அதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை உட்கார வைத்தது, அதுவும் தன் இஷ்டத்துக்கு. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் மந்திரம் மாதிரி தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. ஆனால் வின்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தபின்தான் சாதாரணக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது.

ஒரு நாட்டில் இணையம் வளர்ந்தது என்று சொல்வதற்கு, அந்த ஊர் மொழியில் தட்டித் தேடினால் பதில் வருகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. என் கடையில் 2006 வாக்கில் ஒரு பையன் "சேலம்" என்று தமிழில் தேடிப் பார்த்து, பதில் வந்ததும், "அண்ணா, வருதுண்ணா" என்று கத்தினான். பாமினிக் கோப்பைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன், ஐந்து நிமிஷ வேலை.

ஃபைபர் என்றால் என்ன, ரெட் லைட் ஏன் எரிகிறது?

தலைமுடிப் பருமனில் ஒரு கண்ணாடி இழை. அதன் நடுவே, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில், வெளிச்சம் ஓடுகிறது. நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். எங்கள் அறையிலிருந்து கிளம்பும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறோம். பிரிக்கப் பிரிக்க வெளிச்சம் மங்கும். உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தை மீட்டரில் பார்த்தால் மைனஸ் 20 என்று காட்டினால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெட்டி கண் கட்டிக்கொள்ளும். ரெட் லைட் எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். ரீசார்ஜ் முடிந்ததால் எரியாது. தயவுசெய்து ஒயரைப் பிடுங்கி மாட்டாதீர்கள், முனையில் தூசி ஒட்டினால் அதுவே இன்னொரு ரிப்பேர்.

மழை பெய்தால் ஏற்காட்டில் ஏன் லைன் போய்விடுகிறது?

மழையால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. மரம் விழுகிறது, மண் சரிகிறது, லாரி இடிக்கிறது, குரங்கு கடிக்கிறது. கடைசியாகச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மேலே போகிற கேபிளில் தொங்கி ஆடுவது அதற்கு ஊஞ்சல்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. காட்டு நிலத்தில் நினைத்த இடத்தில் பள்ளம் தோண்ட முடியாது, அனுமதி வேண்டும், தோண்டினாலும் பாறை. அதனால் கேபிள் கம்பத்திலேயே ஏறிப் போகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். பாதை திறந்ததும் நானும் என்னோடு வேலை செய்கிற தம்பியும் ஆம்னி வண்டியில் ஏறினோம். பாதி வழியில் ஒரு வளைவில் சில்வர் ஓக் மரம் கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் முறிவு அங்கேதான். கேபிளின் இரண்டு முனையையும் வண்டிக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினோம். வெளியே பனிமூட்டம், ஈரம் பட்டால் ஒட்டாது. உறையை உரித்து, இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நேராக வெட்டி, ஸ்பிளைஸ் மெஷினில் வைத்தால் திரையில் இரண்டு முனையும் ரயில் தண்டவாளம் மாதிரி பெரிதாகத் தெரியும். பட்டென்று ஒரு தீப்பொறி. இரண்டும் ஒன்றாகிவிடும். பத்து நொடி. அப்படி 24 இழை. தம்பியின் மடியில் டார்ச், என் மடியில் மெஷின், முன் கண்ணாடிக்கு வெளியே ஒரு குரங்கு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

19-ஆவது இழையில் மெஷின் பேட்டரி போய்விட்டது. மேலே எங்களுக்கு லைன் கொடுக்கும் கம்பெனிக்கு போன் செய்தால், புகார் எண் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் சரியாகும் என்றார்கள். சரிசெய்கிற ஆளே நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் பதிவு செய்துகொண்டார்கள். வண்டி பேட்டரியில் மாட்டி மீதியை ஒட்டி முடித்தபோது மணி ராத்திரி ஒன்பது.

அரசும் இந்த வலியை உணர்ந்திருக்கிறது. 2011-இல் அனுமதித்து 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றிய திட்டம், நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது. நம் மாநிலத்தில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையைச் செய்கிறது, பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாக. முதலில் போட்டதெல்லாம் ஒரே வரிசை. ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊரும் இருட்டு. 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திட்டத்தைத் திருத்தியபோது, வளையமாகப் போட வேண்டும் என்று மாற்றினார்கள். வளையம் என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அடிவாரம் வழி அடைத்தால் குப்பனூர் வழியாக இறங்குகிறோமே, அதுதான்.

டவர் இருக்கிறது, ஆனால் ஊருக்குள் சிக்னல் இல்லை. ஏன்?

அலை நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வளையாது. ஏற்காடு ஏரிப் பக்கம் நாலு கோடு காட்டும். நாகலூர், மாரமங்கலம் பக்கம் போகப் போக ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த சரிவில் இருக்காது. காபித் தோட்டத்து நிழல் மரங்கள் மழையில் நனைந்தால் இன்னும் மோசம், ஈர இலை அலையைக் குடித்துவிடும். அப்புறம் காசு. மலைக் கிராமத்தில் நாற்பது வீட்டுக்கு ஒரு டவர் போட்டால் மின்சாரத்துக்கும் டீசலுக்குமே வருமானம் பத்தாது. அதனால்தான் விடுபட்ட கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது, நாடு முழுக்க 24,680 கிராமங்களுக்கு.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கேரளக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை, தமிழ் பேசும் பழங்குடியினர். அவர்களில் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கிற ஒரு அண்ணன் என் வாடிக்கையாளர். பிரேசிலில் உறைபனி விழுந்தால் நியூயார்க்கில் அரபிகா விலை ஏறும் என்பது அவருக்குத் தெரியும். அந்த விலையைப் பார்க்கத் தினமும் காலையில் தோட்டத்து மேட்டில் ஒரு பாறை மேல் ஏறுகிறார். அந்த ஒரே இடத்தில்தான் சிக்னல். விலை பார்த்த பிறகே வியாபாரியோடு பேசுகிறார். நிலம் அவருடையது, காயும் அவருடையது, அதனால் பேரம் பேச முடிகிறது. குகைப் பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது முதல் தடவையாகத் தலையாட்டினார்.

மே மாதம் மட்டும் நெட் ஏன் ஊர்கிறது?

கோடை விழாக் கூட்டம். ஒரு டவரின் கொள்ளளவை அங்கே நிற்கிற எல்லோரும் பங்கு போட வேண்டும். ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிக் கடையில் கியூஆர் அட்டை இருக்கும், பணம் போகாமல் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே போகும்போது கையில் நானூறு, ஐந்நூறு ரூபாய் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் நெட் போட்டால் பிரச்சினை தீருமா?

பழைய வகைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல். புதிய வகை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது, வேகம் பரவாயில்லை. தனி பங்களா, ரிசார்ட் வைத்திருப்பவர்களுக்கு உதவும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அந்தக் கருவியின் விலை கட்டாது.

கரண்ட் போனால்?

12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஃபைபர் பெட்டி மூன்று மணி நேரம் தாங்கும்.

வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்து பணம் போய்விட்டது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் நிமிர்ந்து வருவதில்லை, வெட்கப்பட்டுக்கொண்டே வருகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்முன் நிறுத்த வழி உண்டு. முதலில் போன், அப்புறம் வீட்டில் சொல்வது, அப்புறம் என் கடை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எங்க ஊருக்கு எப்பண்ணா லைன் போடுவீங்க?

மேலே இருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரதானக் கேபிளிலிருந்து உங்கள் ஊர் ஒரு கிலோமீட்டர் என்றால் இருபது கம்பம் போல் தாண்ட வேண்டும். பத்து வீடு சேர்ந்தால் போட்ட காசு இரண்டு வருஷத்தில் வந்துவிடும், ஆறு வீடு என்றால் கஷ்டம். ஆனால் நான் கேட்பது அதைவிட முக்கியமான ஒன்று. கேபிள் அறுந்தால் உங்கள் ஊரில் ஏணி போட்டு ஏறி, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பிளஸ் டூ படித்த பையனோ பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. கடைக்கு ஒரு வாரம் அனுப்புங்கள், ஸ்பிளைஸ் கற்றுத் தருகிறேன், மாதம் ஒரு தொகையும் தருகிறேன். போன மாதம் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் நாள் 14 இழை ஒட்டினாள், அதில் மூன்றுதான் தேறியது. நாலாவது நாள் எல்லாம் தேறியது. வரும் வாரம் அந்த ஊருக்குக் கேபிள் ஏற்றுகிறோம்.